மெஷினுக்குப் போஸ்ட்மார்ட்டம் எழுதியவர்

எங்கள் சர்வீஸ் சென்டரில் பதினான்கு மெக்கானிக்குகள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று எங்கள் கம்பெனிச் சாமான் எது கெட்டாலும் இவர்களில் ஒருவர்தான் வீட்டுக்குப் போவார். பதின்மூன்று பேரை வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பார்கள். ஒருவரைப் பற்றி மட்டும், "போன தடவை வந்தாரே, அவர் வேண்டாங்க" என்பார்கள். அலுவலகத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பட்டம். காதுபடவே சொல்வோம். அவரும் "என்ன?" என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

மெக்கானிக்குகள் எழுதிக்கொண்டு வரும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எந்த வீடு, எந்த மாடல், என்ன கோளாறு, எதை மாற்றினார்கள் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. 'சரி செய்யப்பட்டது' அல்லது 'புதிய மெஷின் பரிந்துரைக்கப்பட்டது', இந்த இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் அதில் எழுதுவார்கள். நான் ஏற்றி முடித்ததும் நகல் தானாக வாடிக்கையாளரின் போனுக்குப் போய்விடும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நானே படித்ததில்லை. விரல்தான் படிக்கும்.

சிடுமூஞ்சிக்கு அப்போது ஐம்பத்தோரு வயது, இருபத்திரண்டு வருட சர்வீஸ். மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பியாகிவிட்டது. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பகல் பூரா ரத்தக்கறை, சாயங்காலமானா இந்த மூஞ்சி, எனக்குன்னு எழுதியிருக்கு" என்று அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார் அக்கா. அவர் அதற்கும் முறைப்பார்.

அந்தக் கோபம் பிறவிக் குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சனிக்கிழமை வேலையைப் பார்த்த பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய மெஷின்கள் அங்கே நிற்கும். பாதிக்கு மேல் நன்றாக ஓடக்கூடியவை. அவற்றை யாரும் எடுத்துப் பழுதுபார்த்து விற்றுவிடக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் சனிக்கிழமை காலையில் மெக்கானிக்குகள் முறை வைத்து ஒவ்வொரு மெஷினின் டிரம்மிலும் டிரில் போட்டு ஓட்டை போட வேண்டும், ஒயரை வெட்டிவிட வேண்டும். மற்றவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டை போடுவார்கள். இவர் முறை வருகிற சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

இன்னொன்று அந்தப் புது மாடல். வாஷிங் மெஷின் தொட்டிக்குப் பின்னால் ஒரு பேரிங்கும், தண்ணீர் அதற்குள் போகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். வளையம் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போய் பேரிங் துருப்பிடிக்கும், மெஷின் லாரி மாதிரிக் கத்தும். தொட்டியைக் கழற்றி இரண்டையும் மாற்றினால் அரைநாள் வேலை. புது மாடலில் தொட்டியின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிட்டார்கள். கழற்ற வழியே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையத்துக்காக முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும், அதற்குப் புது மெஷினே வாங்கிவிடலாம். வாங்கவைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு டார்கெட். என்ன பேச வேண்டும் என்று தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். இவர் அந்த வாக்கியத்தை வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்வாராம்.

ஒருநாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனார். மாமியார் படுத்த படுக்கை. விரிப்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை துவைத்தாக வேண்டும். மெக்கானிக் வருகிறார் என்று அந்தப் பெண் மெஷினைத் துடைத்து, டாக்டரிடம் கூட்டிப்போகிற பிள்ளைக்கு முகம் கழுவிவிட்ட மாதிரி வைத்திருந்தாளாம். இவர் ஓட்டிப் பார்த்தார். பேரிங் போயிருந்தது. சுவரைப் பார்த்து வாக்கியத்தைச் சொன்னார்.

"நாலு வருஷம்தானே அண்ணே ஆச்சு" என்றாளாம் அவள். "நான் ஏதாவது தப்பாப் போட்டுட்டேனா? பவுடர் கொஞ்சம் கூடுதலாப் போடுவேன். அதனாலயா?"

அன்று சாயங்காலம் அவர் படிவத்தை என் மேஜையில் வைத்த விதத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. நான் வழக்கம்போல விரலால் படித்துக்கொண்டே வந்தவள், குறிப்பு என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன்.

'நோயாளியின் வயது நான்கு. நல்ல தேகம். மோட்டார் இன்னும் இருபது வருடம் துடிக்கத் தயார். மரணத்துக்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம், எடை இரண்டு வெங்காயத் தோல். மாற்றலாம் என்றால் தொட்டியை ஒட்டி மூடியிருக்கிறார்கள். ஒட்டியவர்கள் நலமாக உள்ளனர். வீட்டம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் போட்ட பவுடர் சரி.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்தால் அதே சிடுசிடுத்த முகம்.

"அண்ணே, இதை அப்படியே ஏத்தவா?"

"எழுதினதை ஏத்துறதுதானே உன் வேலை?"

ஏற்றிவிட்டேன். மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள். புகார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய் விட்டுச் சிரிச்சாங்க" என்றாள். "சிரிச்சு முடிச்சதுலேர்ந்து ஒரே கேள்விதான். அந்த ஒட்டினவன் யாரு, அவன் வீடு எங்க இருக்குன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

அதை நான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் என் மேஜை ஓரத்திலேயே நின்றார். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் போல. அக்கா அதற்கு, "இங்க வந்து கத்துறதையெல்லாம் அங்கேயே எழுதிட்டு வாங்க, வீடாவது நிம்மதியா இருக்கும்" என்றாராம்.

அதன்பின் தினமும் வந்தது. ஒரு மிக்ஸிக்கு இப்படி எழுதினார்: 'உடைந்தது ஒரு பட்டன். பட்டன் தனியாகக் கிடைக்காது, மொத்த மேல்பாகத்தையும் மாற்ற வேண்டும் என்பது விதி. இந்த விதிப்படி சட்டையில் பித்தான் அறுந்தால் உள்ளே இருக்கும் ஆளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.'

வாடிக்கையாளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எட்டுக் கிலோ மெஷினில் ஒரே ஒரு சட்டையைப் போட்டு ஓட்டுகிற ஒரு பேராசிரியர் வீட்டுக்கு எழுதினார்: 'மெஷின் நலம். சட்டை பாவம். இவ்வளவு பெரிய பஸ்ஸில் தனியாகச் சுற்றிச் சுற்றி அதற்கு மயக்கம் வந்திருக்கிறது. துணைக்கு ஆள் சேரும்வரை காத்திருக்கவும்.' இரண்டு வருடம்கூட ஆகாத ஃபிரிட்ஜ் நிறம் சலித்துப்போய், ஏதாவது கோளாறு என்று எழுதித் தரச் சொன்ன வீட்டுக்கு: 'ஃபிரிட்ஜை முழுதாகப் பரிசோதித்தேன். கோளாறு வெளியே நிற்கிறது.'

அந்த வீட்டுக்காரர் எங்களைக் கிழிகிழி என்று கிழித்தார். ஆனால் பேராசிரியரின் மனைவி போன் செய்து, இப்போது அவர் கூடை நிரம்பும்வரை சட்டையைத் தொடுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கூட "என்ன சார், பஸ் நிரம்பிடுச்சா?" என்று கேட்கிறார் என்று சொன்னார்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அந்த முதல் அறிக்கையை நான் என் கூடப்பிறந்த அக்காவுக்கு அனுப்பினேன். அவள் தன் குடியிருப்புக் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. பிறகு வந்த ஒவ்வொன்றையும் ஜனங்களே போட்டுக்கொண்டார்கள். "போஸ்ட்மார்ட்டம் எழுதுறவரையே அனுப்புங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். வந்தவரிடம், "புது மெஷின் வேணாம், அந்த வளையத்தை மாத்துறதுக்கு வழி சொல்லுங்க" என்று வாதாடினார்கள். மற்ற பதின்மூன்று பேரும் போகிற இடத்திலும் இதே கேள்வி. மூன்றாவது மாதம் எங்கள் கிளையின் எக்ஸ்சேஞ்ச் கணக்கு குப்புற விழுந்தது.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போகிறது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். நடந்தது வேறு. தலைமை அலுவலகத்துக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டதாம்.

"உங்களுக்குள்ள இவ்வளவு காமெடி இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "விளம்பரம் எடுக்கப் போறாங்க. பூமியைக் காப்பாத்துறதப் பத்தி. நீங்கதான் டாக்டர்."

விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மென்மையாகப் பேசினாள். எழுதிக்கொண்டு வந்ததை என் மேஜையில் வைத்துத்தான் நகல் எடுத்தாள், அதனால் நானும் படித்தேன். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்டுக்கொண்டு இவர் ஒரு பழைய மெஷினைச் சோதிக்க வேண்டும். "ஐயோ, இது இன்னும் உயிரோட இருந்தா பூமிக்கே ஆபத்து" என்று நெஞ்சைப் பிடிக்க வேண்டும். புது மெஷின் உள்ளே வர வேண்டும். 'பழசைக் கொடுங்க, புதுசை எடுங்க, பூமி சிரிக்கட்டும்' என்று முடிய வேண்டும்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்கு நுனி சிவந்ததை நான் பார்த்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு எங்கள் ஷோரூமிலேயே நடந்தது. ஒரு சுவர் முழுக்கப் பச்சை இலை ஒட்டியிருந்தார்கள், அத்தனையும் பிளாஸ்டிக். அவர் ஒரு இலையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டார். முற்றத்திலிருந்து ஒரு பழைய மெஷினைத் துடைத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது, பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சார், கொஞ்சம் சிரிச்ச முகமா" என்றாள் விளம்பரப் பெண்.

அவர் மெஷின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். டிரம்மின் விளிம்பில் ஓட்டை இருந்தது. அவர் போடும் ஓட்டை மட்டும் எப்போதும் விளிம்பில்தான் இருக்கும், யாராவது எடுத்தால் அடைத்து ஓட்டிக்கொள்ளட்டும் என்று. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கு மட்டும் தெரியாது.

"இந்த மெஷின் தானா சாகலை" என்றார் காமிராவைப் பார்த்து. "போன சனிக்கிழமை, காலையில பதினோரு மணிக்கு, நான்தான் டிரில் வச்சுக் கொன்னேன். நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கொன்னேன்."

காமிராக்காரர் குலுங்கிச் சிரித்தார். பின்னால் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றார் அவர். "இது ஜோக் இல்ல."

விளம்பரப் பெண், "சார், இது நம்ம எழுதினதுல இல்லையே" என்றாள்.

"எழுதினதுல இருக்கிறது பொய்ம்மா. ஒரு வளையம் தனியாச் செஞ்சு குடுக்க மனசு வரலை உங்களுக்கு. ஒரு அம்மா, நான் பவுடர் அதிகமாப் போட்டேனான்னு என்கிட்டக் கேக்குறாங்க. தப்பு பண்ணினவன் யாரு, குற்ற உணர்ச்சி யாருக்கு? வாரா வாரம் முப்பது மெஷினைக் குத்திக் கொன்னுட்டு, அதுக்கு மேல பிளாஸ்டிக் இலையை ஒட்டி, பூமி சிரிக்குதுங்கிறீங்க. எதைப் பார்த்துங்க சிரிக்கும்?"

குரலை உயர்த்தவே இல்லை அவர். அதுதான் பயமாக இருந்தது. மேனேஜர் கையைக் காட்டினார், விளக்கை அணைத்தார்கள். அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, மெஷின் மேல் வைத்துவிட்டு என்னைத் தாண்டி நடந்தார்.

அந்தப் படத்தை அன்றே அழித்துவிட்டார்கள். ஜனங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் போனில் எடுத்திருக்கலாம். கையில்தான் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.

திங்கட்கிழமை நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது குறிப்பு என்ற கட்டம் இல்லை. அதன் இடத்தில் ஆறு விடைகள் கொண்ட ஒரு பட்டியல். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறாவது 'மற்றவை'. அதற்குள் எதையும் எழுத முடியாது. கூடவே ஓர் உத்தரவு: இனி எல்லாச் சனிக்கிழமையும் ஓட்டை போடும் வேலை அவருக்கு மட்டும்.

அந்தச் சனிக்கிழமை அவர் முற்றத்துக்குப் போனார். டிரில்லை மின்சாரத்தில் மாட்டினார். வரிசையாக நின்ற மெஷின்களை ஒரு முறை பார்த்தார். டிரில்லைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி அலமாரியில் வைத்தார். என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். வேலையை விடுகிறேன் என்று ஒரே ஒரு வரி. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸுக்கு மேனேஜர் எழுந்து நிற்கக்கூட இல்லை.

சலவைப் பிரிவுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் பழைய கொதிகலன் இருந்த கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அக்கா மேலதிகாரியைப் பார்த்து அதைக் கேட்டு வாங்கினார். "வீட்ல உக்காந்து முறைச்சா நான் எங்க போறது?" என்று என்னிடம் சொன்னார். ஆனால் கொட்டகையைக் கழுவி, பெஞ்ச் போட்டுக் கொடுத்தது அக்காதான்.

முதல் வேலையாகச் சிடுமூஞ்சி மருந்துக்கடைப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவள் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காமல் மெஷினைப் பால்கனியில் போர்த்தி வைத்திருந்தாள். இத்தனை மாதமும் கையாலேயே துவைத்திருக்கிறாள், விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. மெஷினைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தொட்டியை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த கோட்டின் மேலேயே இரும்பறுக்கும் வாளை வைத்து அறுக்க ஆரம்பித்தார். சுற்றிலும் அறுக்க ஒரு பகல் பிடித்தது. வளையமும் பேரிங்கும் வெளிக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறவை. மாற்றினார். இரண்டு பாதியையும் சேர்த்துப் பசை தடவி, போல்ட் முடுக்கினார். தண்ணீர் விட்டார். கொட்டகை முழுக்கத் தண்ணீர். அவர் விட்ட வசவு சலவைப் பிரிவுவரை கேட்டது என்றார் அக்கா.

மறுபடியும் பிரித்தார். போல்ட்டுகளை நெருக்கமாக வைத்து இருபத்தெட்டு போட்டார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆஸ்பத்திரித் துணிகளில் கட்டுகிற அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுதி மெஷினில் தொங்கவிட்டார்: 'நோயாளி பிழைத்துக்கொண்டார். இடுப்பைச் சுற்றி இருபத்தெட்டுத் தையல். சுற்றும்போது கொஞ்சம் முனகுவார், பொருட்படுத்த வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான்.' கடைசி வரி அக்கா சொல்லி எழுதியது.

இப்போது கொட்டகையில் எப்போதும் ஏழெட்டு மெஷின்கள் காத்திருக்கின்றன. அட்டைக்காகவே சிலர் வருகிறார்கள். சும்மா வேடிக்கைக்கு வருகிறவர்களை அவர் உட்காரவிடுவதில்லை. "சிரிச்சாச்சில்ல? இந்தப் பக்கம் பிடிங்க" என்று தொட்டியைப் பிடிக்கவைப்பார். இப்படிப் பிடித்துப் பிடித்தே நாலைந்து பேர் தங்கள் வீட்டு மெஷினைத் தாங்களே பிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது ஒரு சின்ன வேன் வந்து நின்றது. இறங்கியவர் நாங்கள் பல்லழகன் என்று கூப்பிடுகிற மெக்கானிக். பதின்மூன்று பேரில் அதிகம் எக்ஸ்சேஞ்ச் பிடிக்கிறவர், சிரித்த முகத்துக்காகவே இரண்டு தடவை பரிசு வாங்கியவர். வேனில் அவர் தங்கச்சி வீட்டு மெஷின் இருந்தது. அதே மாடல், அதே வளையம்.

"மச்சான் புதுசு வாங்குற நிலைமையில இல்ல அண்ணே" என்றார் தரையைப் பார்த்து. "ஆபீஸ்ல கேட்டா எக்ஸ்சேஞ்ச்தான் சொல்வாங்க."

"யாரு சொல்வாங்க? நீதானே சொல்வே?"

அப்புறம் மெஷினை இறக்கிப் பிரித்துத் தொட்டியை வெளியே எடுக்கும்வரை ஒரு மணி நேரம் விடாமல் திட்டினார். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டை போட்டது, வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னது, படப்பிடிப்பு அன்று கண்ணாடிக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது, எதையும் விடவில்லை. பல்லழகன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். நடுவில் சிடுமூஞ்சி திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பண்ற இப்போ? அந்த ஆறுல எதைத் தட்டுற?"

"இந்த வாரம் நாற்பத்தொண்ணு அண்ணே. எல்லாம் ரெண்டாவதுதான்" என்றேன். இரண்டாவது விடை 'புதிய மெஷின் பரிந்துரைக்கப்பட்டது'.

எனக்கும் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. அவர் பெஞ்சின் மேலிருந்த வாளை எடுத்துப் பல்லழகன் கையில் கொடுத்தார்.

"கோட்டை விட்டு விலகாம அறு. விலகினா ஒழுகும்" என்றார். "நீ இந்தப் பக்கம் பிடிம்மா, தொட்டி ஆடுது பாரு."

நான் பிடித்தேன். பல்லழகன் அறுக்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் தூள் எங்கள் மூவரின் கைமேலும் உதிர்ந்தது. அவர் மறுபக்கத்தைப் பிடித்தபடி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.